சோளகம் வீசுமுன்

மன்னார்த் தீவிலே பருவங்களை உணர்த்துவது காற்றே ஆகும். மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியிலே, பேசாலையை அடையுமுன் எதிர்ப்படும் தோட்டவெளி என்னும் ஊரில் ஓராண்டு வாழ்ந்தோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். வைகாசி பிறந்ததும் தென்மேற்கிலிருந்து சோளகம் எழுகின்றது. புரட்டாதி வரையில் அது ஓய்வதில்லை. பனையோலைகள் இரவு பகலாகச் சலசலக்கும். முற்றத்து மணல் திண்ணையில் ஏறிப் படியும். தென்கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் மீனவர் பலர் தம் தொழிலை வடகரைக்கு மாற்றிக்கொள்வர். ஐப்பசியிலே காற்று முகம் மாறி, வடகீழ்ப் பருவமழை இறங்குகின்றது. ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி அடுத்துவரும் மூன்று மாதங்களுக்குள்ளேயே பெய்து முடிகின்றது. தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளைக் கொண்டதும் 103.5 மெகாவாற்று ஆற்றலுடையதுமான தம்பபவனி மின்னிலையம் 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே திறந்து வைக்கப்பட்டது. அவ்விடத்தை அதற்குத் தேர்ந்து கொடுத்ததும் இக்காற்றின் வன்மையே.

காற்று மாறும்போது வீட்டினுள்ளும் சில மாற்றங்கள் நிகழ்கின்றன. விடியற்காலையில் பாயைவிட்டு எழுந்ததும் ஒருவர் பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து தும்முகின்றார். இன்னொருவருக்குக் கண்கள் சிவந்து அரிக்கின்றன. பள்ளிக்குச் செல்லும் சிறுவன் மூக்கடைப்பினால் இரவில் வாயாலே மூச்சுவிட்டு, பகலில் வகுப்பிலே உறங்கி விழுகின்றான். சில பிள்ளைகளுக்கு நெஞ்சிலே இழுப்புத் தோன்றி, ஊரார் முட்டு என்றும் தொய்வு என்றும் வழங்கும் ஆஸ்துமாவாக முற்றுகின்றது. ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே மாதத்தில் இவை வருவதைக் காணும் பெற்றோர், இவற்றை முன்கூட்டியே தடுத்தற்கு வழி உண்டோ என்று வினவுதல் இயல்பே. இயற்கையான முறைகளால் உடலைப் பருவத்துக்கு ஆயத்தஞ் செய்ய இயலுமா என்பதே அவ்வினா. இயலும் என்பதே விடை. ஆயினும் எதனை ஆயத்தஞ் செய்வது என்பதிலேதான் பலரும் வழி தவறுகின்றனர்.

உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்தமையாலேயே இத்தகைய தும்மலும் இழுப்பும் உண்டாகின்றன என்பது பலருடைய எண்ணம். சக்தியைக் கூட்டும் லேகியங்களும் பொடிகளும் இவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டே விற்பனையாகின்றன. உண்மையோ வேறு. ஒவ்வாமை என்பது காவலின்மை அன்று, இடமறியாத காவல். வீட்டைக் காக்கும் நாய் கள்வனைக் கண்டு குரைத்தல் நன்று. வேலியோரமாய் நடந்து செல்லும் ஒவ்வொருவரையும் கண்டு அது இரவு முழுவதும் குரைக்குமாயின் வீட்டாருக்கு உறக்கம் இராது. ஒவ்வாமையுடையவரின் உடல், தீங்கற்ற மகரந்தத்தையும் தூசியையும் பகையென்று மயங்கி அவ்வாறே செயற்படுகின்றது. குரைப்பு மிகுந்த நாய்க்கு மேலும் வலிமை ஊட்டுதல் அதற்குப் பரிகாரம் ஆகாது.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் அறிந்துகொள்வதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. 1819ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவரான ஜோன் பொஸ்ரொக், கோடைதோறும் தம்மை வாட்டிய கண்ணரிப்பையும் மூக்கொழுகலையும் விரித்துரைத்தார். அதன் காரணத்தை அவரால் அறிய முடியவில்லை. மன்செஸ்ரரில் வாழ்ந்த சார்ள்ஸ் பிளாக்லி என்னும் மருத்துவரும் அதே துன்பத்துக்கு ஆளானவர். அவர் புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலே இட்டுச் சோதித்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்திலே கட்டி வானில் ஏற்றி, உயரத்திலும் மகரந்தம் மிதத்தலைக் கண்டார். இச்சோதனைகளை 1873ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வொன் பிர்க்கே என்னும் குழந்தை வைத்தியர் 1906ஆம் ஆண்டிலே இத்தகைய மாறுபட்ட எதிர்ச்செயலுக்கு 'அலர்ஜி' என்னும் பெயரைச் சூட்டினார். 1966ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே பணியாற்றிய யப்பானியத் தம்பதியரான இஷிசாக்காவினரும், சுவீடன் நாட்டிலே ஆராய்ந்த யொஹான்சன், பென்னிச் ஆகியோரும், இவ்வெதிர்ச்செயலுக்குக் காரணமான ஒரு புரதத்தைத் தனித்தனியே கண்டறிந்தனர். இம்யூனோகுளோபுலின் ஈ என்பது அதன் பெயர்.

அப்புரதம் செயற்படும் முறை எளிதில் விளங்கத் தக்கது. ஒவ்வாப்பொருள் முதன்முறை உடலினுள் நுழையும்போது வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உள்ளேயோ, அதனை அடையாளங் காணும் புரதம் உருவாகி, மூக்கிலும் கண்ணிலும் சுவாசக் குழாய்களிலும் உள்ள ஒருவகைக் கலங்களின்மேல் ஒட்டிக்கொள்கின்றது. அதே பொருள் பின்னர் வரும்போது அக்கலங்கள் வெடித்தாற்போலத் திறந்து ஹிஸ்ரமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. மூக்கு நீரைச் சொரிகின்றது, கண் அரிக்கின்றது, சுவாசக் குழாய் சுருங்குகின்றது. இன்றைய தும்மலுக்கான வித்து, பல மாதங்களுக்கு அல்லது பல ஆண்டுகளுக்கு முன்னரே இடப்பட்டிருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்து அறிய வேண்டியது, மன்னாரின் காற்றிலே இருப்பது யாது என்பதாகும். குளிர்நாடுகளிலே இளவேனில் வந்ததும் மரங்களும் புற்களும் ஒருங்கே பூத்து வானத்தை மகரந்தத்தால் நிறைக்கின்றன. அந்நாட்டு நூல்களிலே கூறப்படும் அறிவுரைகள் யாவும் அப்பருவத்தை நோக்கி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தோட்டவெளிக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. சோளகம் மன்னார் வளைகுடாவைக் கடந்து வருகின்றது. நெடுந்தூரம் கடல்மேல் வரும் காற்றிலே மகரந்தம் குறைவாகவே இருக்கும். கரையேறியபின் அது கிளப்பும் மணலும் புழுதியுமே முதலில் துன்பம் தருகின்றன. மணல் ஒவ்வாப்பொருள் அன்று. மூக்கின் மென்சவ்வை உராய்ந்து உறுத்தும் பொருளாகும். ஏற்கெனவே ஒவ்வாமையால் புண்பட்ட மூக்குக்கு அவ்வுறுத்தலே போதிய தூண்டுதலாகிவிடுகின்றது. அன்றியும், காற்றுக்கு அஞ்சிக் கதவு யன்னல்களைச் சாத்தி வைக்கும் வீட்டினுள் பழைய தூசி வெளியேற வழியின்றிச் சுழல்கின்றது.

மழைக்காலத்தின் பகைவர் வேறு. ஈரம் மிகுந்ததும் சுவரிலும் தோற்பொருள்களிலும் பழைய துணிகளிலும் பூஞ்சணம் படர்கின்றது. அதனினும் முதன்மையானது தூசியுண்ணி என்னும் நுண்ணுயிர். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு நீளமேயுள்ள இது, மனிதரின் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்டு, தலையணையிலும் மெத்தையிலும் வாழ்கின்றது. வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இவ்வுயிரே காரணம் என்பதை நெதர்லாந்து நாட்டின் லைடன் நகர ஆராய்ச்சியாளர் 1964ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். தீங்கு செய்வது அதன் கடி அன்று, அதன் கழிவுத்துகள். படுக்கையை உதறும்போது அத்துகள் எழுந்து மூக்கிலே புகுகின்றது. காலையில் எழுந்ததும் தும்மல் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக்குப்பின் பூக்கும் புற்களையும் செடிகளையும் மறத்தல் ஆகாது. அவற்றுள் பார்த்தீனியம் தனியாகக் குறிப்பிடத் தக்கது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய இச்செடி 1999ஆம் ஆண்டிலே வவுனியாவில் இனங்காணப்பட்டது; பின்னர் வடக்கில் பல இடங்களில் வேரூன்றியது. கரட்டிலை போன்ற இலையும் சிறு வெண்பூவும் உடைய இதனைத் தொடுவோர் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கின்றது. இதன் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் இழுப்பையும் உண்டாக்குகின்றது. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கவல்லதாதலால், பூப்பதற்கு முன்னரே, கையுறை அணிந்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடி, வேரோடு களைதல் வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உடையவர் அப்பணியைப் பிறரிடம் விடுதல் நலம்.

இனி, ஆயத்தம் செய்யும் முறைகள் நோக்கத் தக்கவை. முதலாவது, வந்திருப்பது ஒவ்வாமைதானா என்று தெளிதல். தடிமனாயின் உடல்வலியும் சில வேளை காய்ச்சலும் இருக்கும்; சளி தடிக்கும்; பெரும்பாலும் ஒரு கிழமை, பத்து நாள்களில் நீங்கும். ஒவ்வாமையாயின் காய்ச்சல் இராது, மூக்குநீர் தெளிவாக இருக்கும், கண்ணும் மூக்கும் அண்ணமும் அரிக்கும், வாரக்கணக்கில் நீடிக்கும். சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே, தும்மல் மிகுந்த நாளையும், அன்று காற்று வீசிய திசையையும், செய்த வேலையையும் ஓராண்டு குறித்து வருவோர், தமது பகைவர் யார் என்பதைப் பெரும்பாலும் தாமே கண்டுகொள்வர். பெட்டியைத் திறந்த நாளிலா, முற்றம் கூட்டிய நாளிலா, மழைவிட்ட மறுநாளிலா என்ற விபரம் மருத்துவருக்கும் பேருதவியாகும்.

இரண்டாவது, படுக்கையை ஆயத்தஞ் செய்தல். மனிதர் தம் வாழ்நாளில் மூன்றிலொரு பங்கைப் படுக்கையிற் கழிப்பதால், ஒவ்வாமைக்கு எதிரான முதற்பணி அங்கேயே தொடங்க வேண்டும். இதற்கு மன்னாரிலே விலையின்றிக் கிடைக்கும் மருந்து வெயில். சிட்னி நகரிலே 1994ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி, கடும் வெயிலிலே சில மணிநேரம் விரித்துவைக்கப்பட்ட கம்பளத்தில் தூசியுண்ணிகள் யாவும் மடிந்தமையைக் காட்டியது. பங்குனி, சித்திரை மாதங்களில், சோளகம் எழுமுன், தலையணை, தும்பு மெத்தை, போர்வை ஆகியவற்றை வெயிலிலே காயவைத்துப் புரட்டி, வீட்டுக்குத் தொலைவிலே தட்டி உதறுதல் வேண்டும். மழை தொடங்குமுன், ஆவணி, புரட்டாதியிலே, காற்று அடங்கிய காலை வேளையொன்றில் இதனை மீண்டும் செய்தல் வேண்டும். உயிர் மடிந்தாலும் அதன் கழிவு எஞ்சியிருக்குமாதலால், உறைகளையும் விரிப்புகளையும் கிழமைக்கு ஒருமுறை வெந்நீரிலே தோய்ப்பதும் இன்றியமையாதது. நீரின் வெப்பம் 60 பாகை செல்சியசு அளவாயின் உண்ணிகள் அழியும். பனையோலைப் பாயிலே படுக்கும் வழக்கம் பழமையானது என்று ஒதுக்கத் தக்கதன்று. பஞ்சைப்போல் உண்ணிக்கு உறைவிடம் தராத அது, துடைக்கவும் காயவைக்கவும் எளியது.

வீட்டைக் கூட்டும் முறையிலும் ஒரு சிறு மாற்றம் வேண்டும். காய்ந்த தும்புத்தடியால் விரைந்து கூட்டும்போது தரையிலிருந்த தூசி காற்றிலே ஏறி, ஒரு மணி நேரம் வரையிலும் மிதந்து நிற்கும். ஈரத்துணியால் துடைத்தல் அதனைத் தடுக்கும். மண்தரையாயின் நீர் தெளித்துக் கூட்டலாம். அவ்வேளையில் இழுப்புடைய பிள்ளை வெளியே இருத்தல் நன்று.

மூன்றாவது, புகையைக் குறைத்தல். விறகடுப்பின் புகையும், நுளம்புச் சுருளின் புகையும், சாம்பிராணிப் புகையும், முற்றத்திலே எரிக்கப்படும் சருகின் புகையும், வீட்டினுள் ஒருவர் இழுக்கும் சுருட்டின் புகையும் ஒவ்வாப்பொருள்கள் அல்ல எனினும், சுவாசக் குழாயின் உட்புறத்தைப் புண்படுத்தி, ஒவ்வாப்பொருளுக்கு வாயிலைத் திறந்து வைக்கின்றன. பிள்ளைக்குத் தும்மல் வந்தவுடன் சாம்பிராணி இடுவது பல வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதே. இழுப்புடைய பிள்ளைக்கோ அது தீங்காகும். அடுப்பின் புகை வெளியேற உயரத்தில் வழி அமைத்தலும், ஈர விறகைத் தவிர்த்தலும், சுருளுக்குப் பதில் நுளம்பு வலையை நாடுதலும் எந்த மருந்துக்கும் முற்பட்ட ஆயத்தங்கள்.

நான்காவது, மூக்கைக் கழுவுதல். யோக நூல்களிலே நேதி எனப்படும் இம்முறையை இக்கால மருத்துவமும் ஏற்றுக்கொண்டுள்ளது. உப்புநீர் மூக்கிலே தங்கிய தூசியையும் மகரந்தத்தையும் அலம்பி வெளியேற்றுவதால், மூக்கடைப்பும் ஒழுகலும் பலருக்குத் தணிகின்றன. அரை லீற்றர் நீருக்குச் சமமட்டமான ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த உப்பு போதும். ஆனால் நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே பயன்படுத்தல் ஆகாது. நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரே வேண்டும். வெதுவெதுப்பான நன்னீரிலே அரிதாக வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைப் போக்கவல்லது; அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே 2011ஆம் ஆண்டில் கொதிக்காத நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். குடித்தால் தீங்கற்ற நீர், மூக்கிலே ஏறினால் தீங்காகலாம் என்பதை மறத்தலாகாது.

ஐந்தாவதாக, மூலிகைகளையும் உணவையும் பற்றிய வினா எழுகின்றது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த குடிநீர் இலங்கையில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் வழங்குவது. அதன் வெம்மை தொண்டைக்கு இதம் தரும். அடைபட்ட மூக்கைச் சற்றே திறக்கும். ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளியிளக்கி மருந்து உருவாக்கப்பட்டது. முன்னோரின் பட்டறிவு வீண்போகவில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடுமாதலால் கருவுற்ற மகளிர் அதனை விலக்கல் வேண்டும். தூதுவளையைப் பற்றித் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு ஆய்வொன்று, ஆஸ்துமா நோயாளரின் மூச்சு சிறிது இலகுவானதைக் காட்டியது. வழக்கமான மருந்துகளின் பயனுக்கு அது ஈடாகவில்லை. எனவே இவை துணைகளே, தூண்கள் அல்ல.

உள்ளூர்த் தேனை நாள்தோறும் உண்டால் உள்ளூர் மகரந்தம் உடலுக்குப் பழகிவிடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்திலே 36 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு 2002ஆம் ஆண்டில் வெளியான சோதனையிலே, உள்ளூர்த் தேனும், கடைத் தேனும், தேன்சுவை ஊட்டிய பாகும் ஒரே பயனையே, அதாவது குறிப்பிடத்தக்க பயன் எதுவுமின்மையையே காட்டின. காரணமும் தெளிவானது. தேனீ நாடும் பூக்களின் மகரந்தம் கனமும் பசையும் உடையது. காற்றிலே மிதந்து வந்து தும்மலை உண்டாக்குவதோ புற்கள் முதலியவற்றின் இலேசான மகரந்தம். வன்னித் தேன் சுவையான உணவாக இருக்கட்டும். மருந்தென்று அதனை நம்பியிருத்தல் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கோ எக்காரணங் கொண்டும் தேனைத் தீற்றலாகாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் தசைகளை முடக்கும் நச்சை உண்டாக்கவல்லவை.

உடலைப் பழக்குதல் என்ற அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று, வழிதான் வேறு. இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய லெனாட் நூன் என்பவர் 1911ஆம் ஆண்டிலே, புல் மகரந்தத்தின் சாற்றை மிக நுண்ணிய அளவில் ஊசிமூலம் ஏற்றி, படிப்படியாக அளவைக் கூட்டி, நோயாளர் மகரந்தத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி செய்தார். நோய்ப் பருவத்துக்கு முன்னரே செய்யப்படும் காப்பாகவே அவர் அதனைக் கருதினார். உடலை மெய்யாகவே ஆயத்தஞ் செய்யும் முறை இதுவே எனலாம். நூறாண்டுகளுக்கு மேலாகத் திருத்தம் பெற்று வரும் இம்முறை ஏறக்குறைய மூன்றாண்டுகள் பொறுமையோடு தொடரப்பட வேண்டியது. ஆபத்தான எதிர்ச்செயல் நேரக்கூடுமாதலால் அனுபவமிக்க மருத்துவரின் கண்காணிப்பிலேயே செய்யத் தக்கது. இது எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும் பருவம் தொடங்குமுன்னரே தொடங்குதல் என்ற அதன் நெறி எல்லார்க்கும் உரியது. மூக்கிலே தெளிக்கும் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், தும்மல் முற்றியபின் தேடி எடுப்பதிலும், காற்று மாறுவதற்கு ஓரிரு கிழமை முன்னரே தொடங்குதல் பெரும்பயன் தரும். குளோர்பெனிரமீன் போன்ற பழைய குளிசைகள் உறக்கத்தை உண்டாக்குவன. கடலுக்குச் செல்வோரும் வாகனம் ஓட்டுவோரும் அவற்றை உண்டபின் தொழிலில் இறங்குதல் தகாது. உறக்கம் மிகத் தராத பிற குளிசைகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

தும்மலும் கண்ணரிப்பும் உயிரைக் கொள்ளும் நோய்கள் அல்லவே, இவற்றுக்கு இத்தனை ஆயத்தம் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழும் மெல்பேர்ண் நகரத்திலே 2016ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலையில் வீசிய இடிப்புயல் அவர்களுக்கு விடை கூறும். புயற்காற்று புல் மகரந்தத்தை அள்ளியெடுக்க, அது ஈரத்திலே வெடித்து நுண்துகள்களாகி மக்களின் நெஞ்சுக்குள் ஆழமாய் இறங்கியது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி வைத்தியசாலைகளை நாடினர்; பத்துப் பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோருள் பலர் அதற்குமுன் ஆஸ்துமா என்று அறியப்படாதவர்கள். பருவந்தோறும் தும்மல் மட்டுமே உடையவர்கள். இந்திய, இலங்கை முதலிய ஆசிய நாடுகளின் வழிவந்தோர் அவர்களுள் மிகுந்திருந்தமையும் பின்னர் அறியப்பட்டது. மூக்கும் நெஞ்சும் ஒரே வழியின் இரு பகுதிகள். மூக்கிலே அசட்டை செய்யப்பட்டது நெஞ்சிலே வந்து நிற்கலாம்.

இக்காரணத்தால், இயற்கை முறைகளுக்கு உரிய எல்லையை அறிதலே ஆயத்தங்களுள் தலையாயது. வாயால் உறிஞ்சும் மருந்துக் குழலைத் தொடங்கினால் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்ற அச்சம் பெற்றோரிடையே பரவலாக உள்ளது. அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லை. குழல்மூலம் செல்லும் மருந்து நேரே சுவாசப்பையை அடைவதால், குளிசையாக உட்கொள்ளும் அளவினும் மிகச் சிறிய அளவே போதுமானது. அக்குழல்களுள் ஒன்று சுருங்கிய குழாயை உடனே விரிப்பது. மற்றது குழாயின் அழற்சியை நாள்தோறும் தணித்து இழுப்பு வராமற் காப்பது. பிள்ளை நலமாயிருக்கும்போது இரண்டாவதை நிறுத்திவிட்டுக் குடிநீரைத் தொடங்கும் பழக்கமே பேரிடரை விளைக்கின்றது. குடிநீரைக் கொடுக்க விரும்புவோர் கொடுக்கட்டும். குழலைக் கைவிட்டுவிட்டு அன்று. உள்ளே இருப்பது இன்னதென்று எழுதப்படாத பொடிகளை வாங்குவதும் தகாது. அத்தகையவற்றிலே ஸ்ரீரொய்ட் மருந்து மறைவாய்க் கலந்து விற்கப்பட்டமை பல நாடுகளில் வெளிப்பட்டுள்ளது.

நள்ளிரவிலே பிள்ளையின் நிலை தாழும்போது அடையாளங்களைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. அவற்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவெலும்புகளுக்கிடையிலும் கழுத்தின் கீழும் குழி விழுதல், ஒரு வசனத்தை முடிக்க இயலாமல் ஓரிரு சொற்களில் நிறுத்துதல், உதடு நீலம்பாரித்தல், அயர்ந்து போதல், குழல் மருந்து கொடுத்தும் தணியாமை ஆகியவை ஆபத்தின் குறிகள். இழுப்புச் சத்தம் திடீரென அடங்குவது நலத்தின் அறிகுறி என எண்ணலாகாது. காற்றே செல்லாமையால் ஒலி அடங்கியிருக்கவுங் கூடும். அந்நிலையில் ஆவி பிடிப்பித்துக் காலங்கடத்தாமல், பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, உடனடி நிவாரணக் குழலைப் பயன்படுத்தியவாறே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தல் வேண்டும். அல்லது கிடைக்கும் வாகனத்திலே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் பிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிப்பிக்கும் வழக்கம், நீர் கவிழ்ந்து உடல் வெந்து போவதற்கும் பலமுறை காரணமாகியுள்ளது.

காற்றை எவராலும் நிறுத்த இயலாது. தீவின் மீனவர் சோளகத்தோடு மல்லாடுவதில்லை; தென்கடல் எழுமுன்னரே கரை மாறுகின்றனர். தோட்டக்காரர் மழை விழுந்தபின் வரம்பு கட்டுவதில்லை. அவர்களுக்கு இயல்பாய் அமைந்த இம்முன்யோசனையை வீட்டினுள்ளும் கைக்கொள்ளுதலே ஒவ்வாமைக்கு உரிய ஆயத்தமாகும். சித்திரை வெயிலிலே காய்ந்த தலையணை, புகை நீங்கிய அடுக்களை, கொதித்தாறிய உப்புநீர், காலாவதியாகாத மருந்துக்குழல், ஆபத்தின் குறிகளை அறிந்த தாய் ஆகிய இவ்வைந்தும் உள்ள வீட்டிலே, சோளகம் பனையோலையை அசைக்கும் இரவிலும் பிள்ளை மூச்சுத் தடையின்றி உறங்கும்.